அடியில் கேட்கும் குரல்: சார்லஸ் மிங்கஸும் 1959-ம் வருடத்து ஒரு ஆல்பமும்

ஒரு பாட்டைக் கேட்டு முடித்தவரிடம் எது பிடித்தது என்று கேட்டால் பாடியவரின் குரல் என்பார். மெட்டு என்பார். நடுவில் வந்த புல்லாங்குழல் என்பார். "பாஸ் பிரமாதம்" என்று சொல்கிறவர் அபூர்வம். இத்தனைக்கும் அந்த பாஸை எடுத்துவிட்டால் மற்ற எல்லாமே அந்தரத்தில் தொங்கும். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஜன்னலைப் புகழ்வார்கள், வாசல் கதவைப் புகழ்வார்கள். அஸ்திவாரத்தைப் புகழ்ந்தவர் யார்?

ஜாஸ் இசையில் இந்த அஸ்திவார வேலையைச் செய்வது டபுள் பாஸ். ஆறடி உயரம், நான்கு கம்பிகள், நின்றுகொண்டு அணைத்தபடி விரலால் மீட்ட வேண்டும். அந்த வாத்தியத்தை வாசித்த ஒருவர் தன் பெயரையே தலைப்பாக்கி ஒரு ஆல்பம் போட்டார். அவர் சார்லஸ் மிங்கஸ். ஆல்பம் 'மிங்கஸ் ஆ அம்'. வெளிவந்தது 1959-ல். அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியும், ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களைக்கூட முதல் பாட்டிலேயே காலால் தாளம் போட வைக்கிறது. அந்த சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அவ்வளவு சந்தோஷமான வரலாறு இல்லை.

கேட்காத வாத்தியம்

ஜாஸ் இசைத்தட்டுகள் வர ஆரம்பித்த காலத்தில் மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக் குழாயின் முன்னால் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்று வாசிப்பார்கள். சத்தம் அதிகமுள்ள ட்ரம்பெட்டும் டிராம்போனும் நன்றாகப் பதியும். டபுள் பாஸின் தணிந்த ஒலி சரியாகப் பதியாது. அதனால் பல பதிவுகளில் பாஸுக்குப் பதில் டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியத்தை வைத்துக்கொண்டார்கள். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் பாஸுக்கு விடிவு. அப்போதும் அதன் வேலை தாளத்தைப் பிடித்துக்கொடுப்பது மட்டும்தான்.

இதை மாற்றியவர் ஜிம்மி பிளான்டன். 1939-ல் ட்யூக் எலிங்டனின் குழுவில் சேர்ந்த இந்த இளைஞர், ஊதுவாத்தியக்காரர்கள் வாசிக்கிற மாதிரி பாஸில் மெட்டு வாசித்துக் காட்டினார். காசநோய் வந்து 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 23 தான். மூன்று வருடத்துக்குள் ஒரு வாத்தியத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டுப் போனார். அவர் திறந்த கதவு வழியாக வந்தவர்களில் ஒருவர்தான் மிங்கஸ்.

செல்லோவில் ஆரம்பம்

மிங்கஸ் பிறந்தது 1922 ஏப்ரல் 22, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நோகாலஸ் என்ற எல்லையோர ஊரில். அப்பா ராணுவத்தில் சார்ஜன்ட். அம்மா மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பிறகு குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதிக்கு வந்தது. சிற்றன்னை பக்தியானவர். வீட்டில் சர்ச் இசை தவிர வேறு எதற்கும் அனுமதி இல்லை. ஆனால் ரேடியோவை யாராலும் முழுசாகக் கட்டுப்படுத்த முடியாதே! ஒருநாள் அதில் ட்யூக் எலிங்டன் கேட்டது. பையன் அன்றோடு போய்விட்டான். கைதட்டலும் கூச்சலும் நிறைந்த சர்ச் பாட்டும், எலிங்டனின் பல வண்ண வாத்தியக் கலவையும் மிங்கஸின் இசையில் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தன.

முதலில் டிராம்போன் கற்றார். பிறகு செல்லோ. மேற்கத்திய செவ்வியல் இசையில் செல்லோ வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. அந்தக் காலத்தில் கறுப்பினத்தவரை சிம்ஃபனி இசைக்குழுக்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. நண்பர் பட்டி கலெட் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்: செல்லோவை வைத்துக்கொண்டு உனக்குப் பிழைப்பு நடக்காது, பாஸ் எடுத்துக்கொள். மிங்கஸ் எடுத்துக்கொண்டார். உலகத்துக்குக் கிடைத்த மிகப்பெரிய பாஸ் கலைஞர்களில் ஒருவர், இன்னொரு கதவு அறைந்து சாத்தப்பட்டதால் கிடைத்தவர்.

ஆனால் எடுத்ததை அரைமனதாகச் செய்யவில்லை. ரெட் காலண்டரிடம் கற்றார். பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் வாசித்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் ஐந்து வருடம் கற்றார். லூயி ஆர்ம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் போன்ற பெரிய பெயர்களோடு வாசித்தார். நடுவில் பிழைப்புக்காகத் தபால் ஆபீசிலும் வேலை பார்த்தார். 1952-ல் ட்ரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து 'டெப்யூ' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனம் ஆரம்பித்தார். 1953-ல் சின்ன வயது தெய்வமான எலிங்டனின் குழுவிலேயே இடம் கிடைத்தது. சில நாட்கள்தான்! சக கலைஞர் ஹுவான் டிசோலுடன் சண்டை வந்து, எலிங்டனே அவரை வெளியே அனுப்பினார்.

அதே 1953 மே மாதம் கனடாவின் டொரான்டோவில் ஒரு கச்சேரி. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பாவல், மேக்ஸ் ரோச், மிங்கஸ். ஜாஸ் ரசிகர்கள் இன்றும் பேசும் மேடை அது. மிங்கஸ் அதைத் தன் நிறுவனத்தில் வெளியிட நினைத்து ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டால், மற்ற நான்கு பேரும் கேட்கிறார்கள். பாஸ் மட்டும் சரியாகக் கேட்கவில்லை! நியூயார்க் திரும்பி ஸ்டூடியோவில் தன் பாஸை மறுபடியும் வாசித்து மேலே ஏற்றிச் சேர்த்தார். கச்சேரியை மாற்றிவிட்டாரே என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் தான் இருந்த இடத்திலேயே தான் இல்லாமல் போன ஒருவரின் பக்கம் நின்று பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.

1959, முப்பதாவது தெரு

நியூயார்க்கில் கிழக்கு 30-வது தெருவில் கொலம்பியா நிறுவனத்துக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. முன்பு அது ஒரு சர்ச். உயரமான கூரை, மரத்தரை, எதிரொலியில் ஒரு தனி வெதுவெதுப்பு. ஜாஸ் வரலாற்றில் 1959-ஐப் பொன்னான வருடம் என்பார்கள். அதில் பாதிப் பொன் இந்த ஒரே கூரையின் கீழ் கிடைத்தது. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இங்கே மார்ச் 2-லும் ஏப்ரல் 22-லும் பதிவானது. இரண்டாவது தேதி மிங்கஸின் 37-வது பிறந்தநாள் என்பது ஒரு தற்செயல். டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' அதே கோடையில் பதிவானது. இரண்டுக்கும் நடுவில் மே 5, மே 12 என இரண்டே நாட்களில் பதிவானது 'மிங்கஸ் ஆ அம்'.

தயாரிப்பாளர் டியோ மசேரோ. ஒரு காலத்தில் மிங்கஸுடன் சேர்ந்து சாக்ஸஃபோன் வாசித்தவர். அட்டைப்பட ஓவியம் நீல் ஃபுஜிதா வரைந்தது. 'டைம் அவுட்' அட்டையும் அவர் கைவண்ணம்தான். தலைப்பு ஒரு பள்ளிக்கூடத்து வேடிக்கை. லத்தீன் இலக்கணத்தில் பெயரடைகளுக்கு ஆண்பால், பெண்பால், அஃறிணை என்று 'அஸ், ஆ, அம்' விகுதிகள் வரும். மாணவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். மிங்கஸ் என்ற பெயரும் 'அஸ்' என்று முடிகிறதல்லவா? அதையே லத்தீன் சொல்லாக்கி விகுதி சேர்த்துவிட்டார்.

குழுவில் யார் யார்? சாக்ஸஃபோனில் ஜான் ஹேண்டி, புக்கர் எர்வின், ஷஃபி ஹாதி. டிராம்போனில் ஜிம்மி நெப்பர், வில்லி டென்னிஸ். பியானோவில் ஹொரேஸ் பார்லன். சின்ன வயதில் போலியோ தாக்கி வலது கை சரியாக இயங்காதவர், இடது கையை வைத்தே தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கிக்கொண்டவர். ட்ரம்ஸில் டேனி ரிச்மண்ட். சாக்ஸஃபோன் வாசித்துக்கொண்டிருந்தவர், இருபது வயதைத் தாண்டிய பிறகு ட்ரம்ஸ் பக்கம் வந்தார். மிங்கஸின் பாஸும் ரிச்மண்டின் ட்ரம்ஸும் பேசிக்கொள்வதைக் கேட்டால் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

மிங்கஸ் தன் குழுவை 'ஜாஸ் வொர்க்‌ஷாப்' என்று அழைத்தார். பட்டறை! அங்கே காகிதத்தில் எழுதிய குறிப்புகளை விட வாயால் பாடியும் பியானோவில் வாசித்தும் சொல்லிக்கொடுப்பதுதான் அதிகம். காகிதத்தில் பார்த்தால் கை வாசிக்கும், காதால் கற்றால் மனசு வாசிக்கும் என்பது அவர் கட்சி. இந்த ஆல்பத்தில் குழு சேர்ந்து வாசிக்கும்போது ஒரு ராணுவ ஒழுங்கு கேட்பதில்லை. ஒரு கல்யாண வீட்டுச் சலசலப்பு கேட்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுகிறார்கள்.

ஒன்பது பாட்டு

முதல் பாட்டு 'பெட்டர் கிட் இட் இன் யுவர் சோல்'. பாஸ் தனியாக ஆரம்பிக்கிறது. பிறகு ஆறு எண்ணிக்கைத் தாளத்தில் எல்லோரும் ஓடிவந்து சேர்கிறார்கள். நடுவில் ஒரு கட்டத்தில் பியானோவும் பாஸும் நின்றுவிடும். கைதட்டலும் ட்ரம்ஸும் மட்டும் பின்னால், மேலே எர்வினின் சாக்ஸஃபோன் சாமி வந்தவர் மாதிரி ஆடும். மிங்கஸ் உணர்ச்சி தாங்காமல் கத்துவதும் பதிவாகியிருக்கிறது. வாட்ஸில் சிற்றன்னையோடு போன சர்ச், முன்னாள் சர்ச் ஒன்றுக்குள்ளேயே மறுபடி உயிர் பெறுகிறது.

அடுத்தது 'குட்பை போர்க் பை ஹேட்'. லெஸ்டர் யங் என்ற சாக்ஸஃபோன் மேதை தட்டையான உச்சியுள்ள ஒருவகைத் தொப்பியை எப்போதும் அணிந்திருப்பார். மெல்லிய, அவசரப்படாத வாசிப்பு அவருடையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவத்தில் விசாரணைக்கு ஆளாகி ராணுவச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். 1959 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் 49 வயதில் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் மிங்கஸ் இந்த இரங்கல் பாட்டைப் பதிவு செய்துவிட்டார். அடிப்படை 12 பார் ப்ளூஸ்தான். ஆனால் உள்ளே சுருதிகள் எதிர்பாராத இடங்களில் திரும்புகின்றன. ஒப்பாரி இல்லை, அழுகை இல்லை. ஹேண்டி தன் தனிவாசிப்பில் ஒரு இடத்தில் நாக்கை அதிரவிட்டு ஒரு சுரத்தை நடுங்க வைப்பார். தொண்டை அடைத்துக்கொண்டவர் பேச முயல்வது போல ஒரு சத்தம். அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பின்னாளில் ராக் கிதார் கலைஞர் ஜெஃப் பெக் முதல் பலரும் இதை எடுத்து வாசித்தார்கள். 1979-ல் வந்த 'மிங்கஸ்' ஆல்பத்தில் ஜோனி மிட்செல் இதற்கு வரிகள் எழுதிப் பாடினார்.

மூன்றாவது 'பூகி ஸ்டாப் ஷஃபிள்' துரத்தல் காட்சி போல ஓடுகிறது. நான்காவது 'செல்ஃப் போர்ட்ரெய்ட் இன் த்ரீ கலர்ஸ்', ஜான் கசவெட்டிஸின் 'ஷேடோஸ்' படத்துக்காக எழுதியது. இதில் தனிவாசிப்பே கிடையாது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேல் இன்னொரு இழை சேரும். ஐந்தாவது எலிங்டனுக்கு எழுதிய திறந்த மடல். தன்னை வேலையை விட்டு அனுப்பியவருக்கு எழுதிய கடிதம்! அதில் கோபத்தின் சாயல்கூட இல்லை, குருபக்தி மட்டும்தான். ஆறாவது 'பேர்ட் கால்ஸ்'. 'பேர்ட்' என்பது சார்லி பார்க்கரின் செல்லப்பெயர் என்பதால் எல்லோரும் அவரைத்தான் நினைத்தார்கள். மிங்கஸோ, பறவைகள் மாதிரி ஒலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன் என்றார்! எட்டாவது நிதானமான ஒரு ப்ளூஸ், ஹேண்டியின் கிளாரினெட்டோடு. ஒன்பதாவது, ஆரம்பகால ஜாஸின் பெரியவர் ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு. பழைய பாணியில் தொடங்கி, பாட்டு போகப்போகப் புதிய பாணிக்கு மாறும்.

மொத்தத்தில் ஒன்பது பாட்டுக்குள் சர்ச், ப்ளூஸ், மார்ட்டன், எலிங்டன், யங் என்று ஜாஸின் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கிவிட்டது. முன்னோர்களுக்குப் படையல் போட்ட மாதிரி. அந்தப் படையலுக்கு நடுவில் ஒரு காரமான ஐட்டமும் உண்டு. அதுதான் ஏழாவது பாட்டு.

வார்த்தை இல்லாத கோபம்

1957 செப்டம்பர். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. அதுவரை வெள்ளையர்கள் மட்டும் படித்த பள்ளி. கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. அதன்படி ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர வந்தார்கள். மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் தேசிய காவல்படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தின் 101-வது வான்வழிப் படைப்பிரிவை அனுப்ப, சிப்பாய்கள் காவலோடு அந்தப் பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். அடுத்த வருடம் நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூட வைத்தார் ஃபாபஸ். சேர்ந்து படிப்பதை விட யாருமே படிக்காமல் இருப்பது மேல் என்ற கொள்கை!

இவருக்கு மிங்கஸ் எழுதியதுதான் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. கேட்டால் கோபமான பாட்டு மாதிரியே இருக்காது. சாக்ஸஃபோனும் டிராம்போனும் சேர்ந்து ஒரு கோணங்கி நடை நடக்கும். தொப்பையைத் தள்ளிக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வருகிற ஒரு வெத்துவேட்டு ஆசாமி கண்முன் வந்துவிடுவார். கோபத்தைக் கேலியாக மாற்றிய பாட்டு அது.

இதற்கு வரிகளும் உண்டு. மிங்கஸ் கேள்வி கேட்க, ரிச்மண்ட் பதில் சொல்ல, கவர்னரைக் கிழித்துத் தொங்கவிடும் வரிகள். கொலம்பியா நிறுவனம் அவற்றை அனுமதிக்கவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. எப்படியோ, 1959 ஆல்பத்தில் வரிகள் இல்லை. அடுத்த வருடம் கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்காக எரிக் டால்ஃபி, டெட் கர்சன், ரிச்மண்ட் மூவரையும் வைத்துக்கொண்டு வரிகளோடு மறுபடி பதிவு செய்தார். தலைப்பில் 'ஒரிஜினல்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். அசல் இதுதான், முன்பு வந்தது வாயைக் கட்டிய பதிப்பு என்று சொல்லாமல் சொன்னது அது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரு தனி அனுபவம். வரிகள் தெரிந்த பிறகு வரியில்லாத பதிப்பைக் கேட்டால், சாக்ஸஃபோன்கள் அதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது புரியும். வார்த்தையைத் தடுக்கலாம், மெட்டில் ஊறிய ஏளனத்தை எப்படித் தடுப்பது? ஃபாபஸ் 1967 வரை கவர்னராக இருந்தார், 1994-ல் இறந்தார். அமெரிக்காவுக்கு வெளியே இன்று அவர் பெயர் பலருக்குத் தெரிய வருவதே இந்தப் பாட்டால்தான்.

இன்னொரு வெட்டும் நடந்தது. அன்றைய இசைத்தட்டின் அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பல பாட்டுகளின் நீளத்தைக் குறைத்துத்தான் வெளியிட்டார்கள். சில தனிவாசிப்புகளில் பாதி காணாமல் போனது. முழு வடிவங்கள் 1979-லும் பிறகு வந்த சிடி பதிப்புகளிலும் வெளிவந்தன. இன்று பெரும்பாலும் கிடைப்பது முழு வடிவம்தான். 1959-ல் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கிடைக்காதது இன்றைய ரசிகருக்குக் கிடைக்கிறது.

மறைக்கக் கூடாத பக்கம்

மிங்கஸை மகானாக்குவது சுலபம். அது சரியும் இல்லை. அவருடைய கோபம் அநியாயத்தின் மேல் மட்டும் பாயவில்லை, பக்கத்தில் நின்றவர்கள் மேலும் பாய்ந்தது. 1962-ல் ஒரு பெரிய கச்சேரிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, இதே ஆல்பத்தில் டிராம்போன் வாசித்த ஜிம்மி நெப்பரை வாயில் குத்திவிட்டார். பல் உடைந்தது. ஊதுவாத்தியக் கலைஞருக்கு வாய்தான் பிழைப்பு. நெப்பரால் பழையபடி மேல் சுருதிகளை எட்ட முடியாமல் போனது. வழக்கு கோர்ட்டுக்குப் போய் மிங்கஸ் குற்றவாளி என்று தீர்ப்பானது.

ஆச்சரியம் என்னவென்றால், பல வருடம் கழித்து நெப்பர் மிங்கஸுடன் மறுபடி வாசித்தார். மிங்கஸ் இறந்த பிறகு அவர் இசையை வாசிக்க அமைந்த குழுவிலும் முன்னின்றார். மனிதரை மன்னித்தாரோ இல்லையோ, இசையைக் கைவிடவில்லை. ஆல்பத்தைக் கேட்பவர் இதைத் தெரிந்துகொண்டு கேட்பதுதான் நியாயம். தெரிந்த பிறகும் அந்த டிராம்போன் அதே அழகோடுதான் ஒலிக்கும். ஆனால் கேட்பவர் மனதில் ஒரு சின்ன முள் இருக்கும். இருக்கட்டும்.

எப்படிக் கேட்பது?

பாஸின் மிகத் தணிந்த கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தணிந்த ஒலியை எழுப்ப முடியாது. மேலே உள்ள துணை அதிர்வுகளை வைத்து மூளைதான் மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. அதனால் செல்போன் ஸ்பீக்கரில் 'மிங்கஸ் ஆ அம்' கேட்டால், டொரான்டோ ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டபோது மிங்கஸுக்கு நேர்ந்ததுதான் கேட்பவருக்கும் நேரும். மற்ற எல்லோரும் இருப்பார்கள், அவர் இருக்க மாட்டார்! சுமாரான ஹெட்ஃபோன் போதும். முதல் தடவை எதையும் யோசிக்காமல் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை சாக்ஸஃபோன்களை விட்டுவிட்டு பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். தலைவர் தன் ஆல்பத்தில் முன்னால் வந்து நின்று அலட்டிக்கொள்வதே குறைவு என்பது அப்போது தெரியும். அடியில் இருந்துகொண்டு, ஒருவரை உசுப்பி, ஒருவரை இழுத்துப்பிடித்து, ஒருவருக்கு வழிவிட்டு முழு ஊர்வலத்தையும் நடத்திக்கொண்டு போகிறார்.

2003-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. மிங்கஸ் கைப்பட எழுதிய இசைத் தாள்களும் அந்த நூலகத்தில்தான் இருக்கின்றன. கறுப்பினச் சிறுவனின் செல்லோவுக்கு இடம் தராத அதே நாடு!

அதைப் பார்க்க மிங்கஸ் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் ஏ.எல்.எஸ். நோய் அவரைத் தாக்கியது. பாஸ் வாசித்த விரல்கள் அசையவில்லை. அப்போதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி டேப் ரிக்கார்டரில் மெட்டுகளைப் பாடிப் பதிந்தார். பட்டறையில் மற்றவர்களுக்கு வாயால் பாடிச் சொல்லிக்கொடுத்த அதே முறை, கடைசியில் அவருக்கே கைகொடுத்தது. 1979 ஜனவரி 5 அன்று மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில் 56 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.

பிறந்த நாட்டு எல்லையோரத்தில் தொடங்கியவர் முடிந்தது நம் நாட்டு ஆற்றில். அந்த ஒரு உறவுக்காகவாவது இந்த ஆல்பத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்பதற்குக் காரணம் எதுவும் சொல்லத் தேவை இருக்காது.